பூச்சிகளை முற்றாக ஒழித்துவிட்டால் நமக்கு நல்லதா?

சம்மாந்துறையில் வேளாண்மை செய்யும் குடும்பமொன்றைச் சேர்ந்த, உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பூச்சிகளால் மனிதருக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா என்பது முதலாவது. தீமை செய்பவற்றை முற்றாக ஒழித்துவிட்டால் என்ன என்பது இரண்டாவது. வயலில் முதல் பூச்சியைக் கண்டதுமே தம் வாப்பா மருந்து அடித்துவிடுகிறாரே, அது சரிதானா என்பது மூன்றாவது. அவருக்கு உண்மையில் விடை வேண்டியிருப்பது மூன்றாவது கேள்விக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் முதல் இரண்டையும் தொடாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. படுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நம் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், கண்ணால் காணக்கூடியவற்றை வைத்தே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, நன்மையே அதிகம் என்பதுதான். இதுவரை அறிவியலாளர் பெயரிட்டுள்ள பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 இலட்சம். அவற்றுள் பயிருக்கோ கால்நடைக்கோ மனித உடலுக்கோ பொருட்படுத்தத்தக்க கேடு செய்பவை மிகச் சிறிய பங்குதான். ஆனால் இந்த விடையை வைத்துக்கொண்டு வயலில் ஒரு முடிவும் எடுக்க முடியாது. பாடப்புத்தகம் பூச்சிகளை நன்மை செய்வன, தீமை செய்வன என்று இரண்டு நிரல்களாகப் பிரித்துக் காட்டுகிறது. பரீட்சைக்கு அது போதும். வயலிலும் தோட்டத்திலும் அந்தப் பிரிவு நிலைப்பதில்லை. எலுமிச்சை நாற்றையும் கறிவேப்பிலையையும் மொட்டையாக்கும் புழுதான் சில வாரங்களில் வண்ணத்துப்பூச்சியாகிப் பூக்களை நாடிப் போகிறது. மரத்தில் ஏறியவனைக் கடித்துக் குதறும் முசிறுதான் மரமுந்திரிகையின் இளங்குருத்தையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. கூரை மரத்தை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும் கறையான் காட்டில் இல்லாவிட்டால், விழுந்த மரங்கள் மக்கி மண்ணாவதற்கு இன்னும் எவ்வளவோ காலம் எடுக்கும். ஆகவே எந்த இனம் என்று கேட்பதோடு, எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எத்தனை என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு நிரலிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருக்கிறது. நமக்கு நேரடியாக நன்மையும் செய்யாமல் தீமையும் செய்யாமல் வாழ்ந்து மடிகிற பூச்சிகள் அவை. எண்ணிக்கையில் அவையே மிகப் பெரும்பான்மை. அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நெல்வயலைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் தாங்கி நிற்பது அந்த மூன்றாவது கூட்டம்தான் என்பது என் முடிவு. அதை விளக்குவதற்கு அறக்கொட்டியிலிருந்து தொடங்குவது எளிது.

அறக்கொட்டி என்று நம் பக்கத்தில் சொல்லப்படுவது கபில நிறத் தத்தி. நான்கைந்து மில்லிமீற்றருக்கு மேற்படாத இந்தப் பூச்சி இலையைக் கடிப்பதில்லை, கதிரையும் தொடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. அதனால்தான் வரம்பில் நின்று பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை. பயிர் வட்டம் வட்டமாக மஞ்சளித்து, நெருப்புப் பட்டதுபோலக் காய்ந்த பிறகு கண்டு என்ன பயன்? வயலுக்குள் இறங்கி, ஒரு பிடி பயிரைச் சாய்த்து, அதன் அடியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, தண்ணீரில் விழுவதைக் குனிந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்து துள்ளும் கபிலப் பூச்சிகள் விழும். வெளிறிய சிறு குஞ்சுகள் விழும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அவற்றின் பின்னாலேயே வேறு சிலவும் தெரியும். தண்ணீரின் மேல் நனையாமல் ஓடுகிற, முதுகில் கவட்டைபோன்ற குறி கொண்ட சிலந்தி ஒன்று. பெண்ணாக இருந்தால் வெண்ணிற முட்டைப்பை ஒன்றைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு திரியும். இது வலை பின்னுவதில்லை, ஓடிப் பிடிப்பது. ஒரு நாளில் ஐந்து முதல் பதினைந்து தத்திகள் வரை இது தின்னும். கூடவே, கறுத்த தலையும் பச்சை உடம்பும் கொண்ட மெல்லிய நாவாய்ப்பூச்சி ஒன்றும் இருக்கும். அது இலையுறையைக் குத்தித் தேடி, உள்ளே புதைந்திருக்கும் அறக்கொட்டியின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கிறது. அதையும் அறக்கொட்டி என்று எண்ணிச் சேர்த்துக் கணக்கிடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. (சிலந்தி பூச்சியினம் அன்று, அதற்கு எட்டுக் கால்கள் என்பது தம்பிக்குத் தெரிந்திருக்கும். வயலில் அதைப் பூச்சிகளோடு சேர்த்தே பேசுகிறோம், அவ்வளவுதான்.)

இனி, மருந்து அடித்தால் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நிமிர்ந்த பயிரின் மேல் விசிறும் மருந்தில் பெரும்பகுதி மேலிலைகளிலேயே தங்கிவிடுகிறது. அடியில் இருக்கும் அறக்கொட்டியை முழுமையாகச் சென்று சேர்வதில்லை. சேர்ந்தாலும் வெளியே இருக்கும் பூச்சியும் குஞ்சுமே சாகின்றன. முட்டைகள் இலையுறையின் சதைக்குள் இருப்பதால் தப்பிக்கொண்டு, ஒரு கிழமை, பத்து நாட்களில் பொரிக்கின்றன. சிலந்திக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது இலைமேலும் தண்ணீர்மேலும் ஓடித் திரிவதால் மருந்து அதன் உடம்பிலேயே படுகிறது. பிறகு கணக்கு எளிது. அறக்கொட்டியின் ஒரு தலைமுறை மூன்று நான்கு கிழமைகளில் முடிந்து, ஒவ்வொரு பெண்ணும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது; ஓடிப்பிடிக்கும் சிலந்தி வளர்ந்து பெருகுவதற்கு மாதக்கணக்கு வேண்டும். முதல் மருந்துக்குப் பிறகு பொரிக்கும் குஞ்சுகள் தின்பார் இல்லாத வயலில் வளர்கின்றன. இரண்டாவது மருந்து அதைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. சில வகை மருந்துகள், சாகாத அளவில் உடம்பில் பட்டால், அறக்கொட்டி இடும் முட்டைகளின் எண்ணிக்கையையே கூட்டிவிடுகின்றன என்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. மருந்து அடிக்க அடிக்க அறக்கொட்டி கூடுகிறதே என்று விவசாயிகள் சொல்வதைச் சலிப்பில் சொல்லும் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடப்பதை அப்படியே சொல்கிறார்கள்.

ஒரு நாடே இதைப் படித்துக்கொண்ட வரலாறு உண்டு. 1970களிலும் 80களிலும் இந்தோனேசியாவில் அரசு மானியத்தோடு பூச்சிநாசினி தாராளமாகக் கிடைத்தது; அறக்கொட்டியும் அதே அளவுக்குப் பெருகி நெல்லை அழித்தது. 1986ஆம் ஆண்டு அந்நாட்டு ஜனாதிபதி சுகார்ட்டோ, நெல்லுக்குப் பயன்பட்டுவந்த 57 பூச்சிநாசினி வகைகளைத் தடைசெய்து கட்டளை பிறப்பித்தார். மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. நெல் விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை. மருந்தை மட்டும் நம்பாமல் பல வழிகளையும் சேர்த்துப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் என்று நம் கமநல சேவை நிலையங்களில் இன்று பேசப்படுவதன் பின்னணியில் அந்த அனுபவம் பெரிய அளவில் இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ரத்து ஹீனட்டி என்ற இலங்கையின் பழைய சிவப்பு நெல்லினத்தில் அறக்கொட்டியைத் தாங்கும் மரபணு இருப்பது கண்டறியப்பட்டு, உலகெங்கும் நெல்லினப் பெருக்கத்தில் அது பயன்படுத்தப்பட்டிருக்கிறது. எதிர்ப்புள்ள இனத்தை விதைப்பது மருந்துச் செலவைவிட மலிவு. பசளையிலும் கவனம் வேண்டும்: யூரியாவை அள்ளிப் போட்டுக் கரும்பச்சையாக வளர்த்த பயிரும், அளவுக்கு மேல் நெருக்கமாக விதைத்த பயிரும் அறக்கொட்டிக்கு மிக உகந்தவை. வட்டை முழுவதும் ஒரே காலத்தில் விதைக்க வேண்டும் என்று பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் திகதி குறிப்பதை வாய்க்கால் தண்ணீருக்கான ஏற்பாடு என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். ஒருவர் முந்தியும் இன்னொருவர் பிந்தியும் விதைத்தால், ஒரு வயலில் பெருகிய பூச்சிக்கு அடுத்த வயலில் இளம்பயிர் காத்திருக்கும். கூட்டத்தில் குறிக்கும் அந்தத் திகதி பூச்சிக்கும் சேர்த்தே போடும் தடை.

இப்போது நான் சொன்ன மூன்றாவது கூட்டத்துக்கு வருகிறேன். உழுது தண்ணீர் கட்டியதும் பழைய வைக்கோலும் தாளும் சாணமும் தண்ணீருக்குள் மக்கத் தொடங்குகின்றன. அதைத் தின்று கடிக்காத கொசுகுகளும் பெயர் தெரியாத எத்தனையோ நீர்ப்பூச்சிகளும் பெருகுகின்றன. நெல்லுக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பயிர் சிறிதாக இருக்கும் அந்த முதல் வாரங்களில், அறக்கொட்டியும் புழுக்களும் இன்னும் வராத நேரத்தில், சிலந்திகளும் மற்ற இரைதின்னிப் பூச்சிகளும் இவற்றைத் தின்றுதான் பெருகுகின்றன. ஜாவாத் தீவின் வயல்களில் 1990களில் நடந்த ஆய்வொன்று இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. அதாவது, பீடை வந்து சேரும்போது அதைத் தின்னும் படை ஏற்கனவே வயலில் நிற்க வேண்டுமானால், அதற்கு முன் அந்தப் படைக்கு வேறு தீனி கிடைத்திருக்க வேண்டும். விதைத்த இருபதாம் நாளில் ஏதோ பறக்கிறது என்று அடிக்கும் மருந்து, பீடை இல்லாத வயலில் தீனியையும் படையையும் ஒன்றாக அழிக்கிறது. தம்பியின் மூன்றாவது கேள்விக்குரிய விடை பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது.

இளம்பயிரில், இலையை மடித்து உள்ளிருந்து சுரண்டும் மடிச்சுக்கட்டிப் புழுவைக் கண்டால் மனம் பதறுவது இயல்பு. இலைகள் வெண்கோடாகச் சுரண்டப்பட்டு, வயலே வெளிறித் தெரியும். என்றாலும் மட்டம் வெடிக்கும், அதாவது பக்கத் தண்டுகள் கிளைக்கும், பருவத்தில் நெற்பயிர் இழந்த இலைகளுக்கு ஈடாகப் புதியவற்றை எழுப்பிக்கொள்ளும். வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்தில், முதல் 40 நாட்களில் இலைதின்னும் புழுக்களுக்கு மருந்து அடிக்காமல் நீங்களே உங்கள் வயலின் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள் என்று 1990களில் விவசாயிகளிடம் வானொலி மூலமும் சுவரொட்டிகள் மூலமும் சொல்லப்பட்டது. சோதித்துப் பார்த்தவர்கள் மருந்தடிப்பதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள், விளைச்சல் குறையவில்லை. கதிர் தண்டுக்குள் உருவாகும் குடலைப் பருவத்துக்குப் பிறகு நிலைமை வேறு. கதிரை ஒட்டிய கடைசி இலையான கொடியிலை சேதப்பட்டால் நெல்மணி நிறையாது. பால் பருவத்தில் நெல்மூட்டுப் பூச்சி உறிஞ்சினால் மணி உள்ளீடில்லாத சப்பியாகிப் போகும். அந்தக் கட்டத்தில் கண்காணித்து, எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் மருந்து தேவைப்படலாம். குருத்துப் புழுவும் அப்படித்தான். அதன் அந்துப்பூச்சி இலைநுனியில் கபில மயிர் மூடிய திட்டாக முட்டையிடும். அந்த இலைத்துண்டை வெட்டி ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்துப் பாருங்கள். சில நாட்களில் புழுவுக்குப் பதிலாகக் கறுத்த தூசிபோன்ற குளவிகள் வெளிவருவதைப் பலமுறை காணலாம். அந்த முட்டைகளுக்குள் தம் முட்டையை இட்டு, உள்ளிருந்தே தின்று வளரும் இனங்கள் அவை. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அந்தக் குளவி செய்யும் வேலைக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. உயிரியல் படிக்கும் தம்பி செய்முறைப் பயிற்சியாகவே இதைச் செய்யலாம்.

நான் மருந்துக்கு எதிரி அல்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேனா படைப்புழு வந்தபோது நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அந்தப் புழு 2016இல் ஆபிரிக்காவிலும், 2018இல் இந்தியாவிலும், அதே ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டிலும் காணப்பட்டது; அம்பாறைச் சோளச் சேனைகள் முதலில் அடிபட்டவற்றுள் அடங்கும். நெற்றியில் தலைகீழான கவட்டைக் குறியும், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளிகளும் கொண்ட அந்தப் புழு, சோளத்தின் குருத்துக்குள் புகுந்து இருந்துகொண்டு தின்கிறது. புதிதாக வந்த பூச்சிக்கு உள்ளூரில் பழகிய எதிரிகள் குறைவு; அதுவாக அடங்கும் என்று காத்திருக்க முடியாது. அங்கே முட்டைத் திட்டுகளைக் கையால் நசுக்குவது, குருத்துக்குள் மணல் இடுவது என்பவற்றோடு தேர்ந்தெடுத்த மருந்தும் தேவைப்பட்டது. அதேபோல 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டபோது நம் விவசாயிகள் பட்ட பாட்டையும் மறக்க முடியாது. இந்தோனேசியாவில் தடையோடு விவசாயிகளுக்கு வயலில் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே பயிற்சியும் இல்லை, மாற்று வழியும் இல்லை.

வயலை விட்டு வீட்டுத் தோட்டத்துக்கு வந்தால், பூச்சியின் உதவி இன்னும் வெளிப்படையாகத் தெரியும். நெல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பயிர். அதற்குத் தேனீ தேவையில்லை. நெல்லையே செய்து பழகிய நம்மில் பலருக்கு மகரந்தச் சேர்க்கை என்பது பாடசாலையோடு முடிந்துபோன விடயமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உலகின் முக்கிய உணவுப் பயிர்வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஏதோ ஓர் அளவிலேனும் பூச்சி முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையால் பயனடைகிறது. களுதாவளைப் பக்கத்து மணல் தோட்டங்களில் ஒரு விடியற்காலையில் நின்று பார்த்தால் போதும். பூசணி, பாகல், வெள்ளரி, வத்தகை ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் ஒட்டும் தன்மையுடையது, காற்றில் போகாது. பூசணிப் பூ விடியும்போது விரிந்து, முற்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வரவில்லை என்றால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பிஞ்சு உதிர்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டு வருபவர்களில் சிலரது தோட்டத்தில், காலை ஏழு மணிக்கு அடித்த மருந்தே உதிர்வுக்குக் காரணமாக இருப்பதுண்டு. அடித்தே ஆக வேண்டுமென்றால் பூக்கள் மூடிய பிறகு, மாலையில் அடிக்க வேண்டும்.

கத்தரிப் பூவின் ஏற்பாடு இதைவிட நுட்பமானது. அதன் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் ஊசித்துளைபோன்ற வாய் மட்டுமே உண்டு. கருவண்டு வந்து பூவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசையை அதிரச் செய்கிறது. அப்போது எழும் ஒலி, அது பறக்கும்போது கேட்கும் ஒலியைவிட உச்சமானது. அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே தூளாகக் கொட்டி வண்டின் வயிற்றில் படிகிறது. தேனீயால் இப்படி அதிரச் செய்ய முடியாது. கத்தரி தானாகவும் ஓரளவு காய்க்கும். இந்த வண்டுகள் வரும் தோட்டத்தில் காயின் எண்ணிக்கையும் பருமனும் கூடும். அந்த வண்டு குடியிருப்பதோ நம் வேலிக் கட்டைகளிலும் கூரை வளைகளிலும் துளை போட்டுத்தான். மரத்தைப் பார்ப்பதா, கத்தரியைப் பார்ப்பதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

தேனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டும் மலைத்தேனீ, பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காகக் கட்டும் தேனீ, சிறு கிளையில் கட்டும் கொம்புத் தேனீ, கொட்டாத கொசுத்தேனீ என்று நால்வகையும் நம் பகுதியில் உண்டு. கல்லோயாக் காட்டை அண்டிய வேடர் குடிகளின் வாழ்வில் தேனெடுப்பு நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. பட்டும் அரக்கும் பூச்சி தரும் பொருள்களே. அவை நம் பகுதித் தொழில்கள் அல்ல என்பதால் விட்டுவிடுகிறேன். மாடும் எருமையும் மேயும் தரைகளில் சாணத்தை உருட்டியும் புதைத்தும் மண்ணுக்குள் கொண்டுபோகும் சாணி வண்டுகளைச் சொல்லாமல் விட முடியாது. மாட்டுச் சாணத்தைப் புதைக்கத் தெரிந்த வண்டுகள் இல்லாமல் மேய்ச்சல் நிலம் சாணத்தால் மூடி ஈக்கள் பெருகிய அவுஸ்திரேலியா, 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாடுகளில் இருந்து அவற்றைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. நமக்கு அவை தாமாகவே இருக்கின்றன.

பூச்சியைக் கொண்டே பூச்சியையும் களையையும் அடக்குவது நம் நாட்டில் பலமுறை வெற்றியாக நடந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டளவில் பப்பாசியில் வெண்மூட்டுப்பூச்சி புதிதாக வந்து மரங்களை வெள்ளைப் பொடியால் மூடிக் கொன்றது. அடுத்த ஆண்டு, அதன் தாயகப் பகுதியிலுள்ள சிறு ஒட்டுண்ணிக் குளவி ஒன்று கொண்டுவந்து விடப்பட்டபின் அது விரைவில் அடங்கியது. சல்வீனியாவின் கதை இன்னும் நீளமானது. 1939ஆம் ஆண்டு ஆய்வுக்கென்று கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட அந்த நீர்க்களை, குளங்களுக்கும் வயல்களுக்கும் பரவி நீரை மூடியது. 1986இல் அதைத் தின்னும் மிகச் சிறிய வண்டு வரவழைக்கப்பட்டு விடப்பட்டது. வெட்டியும் இழுத்தும் அடங்காத களை பல நீர்நிலைகளில் அதற்கு அடங்கிப்போனது. வாவியில் ஆற்றுவாழை என்ற இன்னொரு நீர்க்களையை இயந்திரத்தால் அள்ளிக் கரையில் குவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டின் நினைவு வரும்.

இனி இரண்டாவது கேள்வி: கேடு செய்பவற்றையாவது முற்றாக ஒழிக்கலாமே? இதற்கு நுளம்பைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்று மணலில் தேங்கிய குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகியதே காரணம். 1946இலிருந்து வீடுகளின் சுவர்களில் டீ.டீ.ரி. என்ற பூச்சிநாசினி அடிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர்தான். வெற்றி கிடைத்துவிட்டதென்று கண்காணிப்பைத் தளர்த்தியதும் 1960களின் இறுதியில் நோய் மீண்டு வந்து 5 இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பீடித்தது. நுளம்பு அந்த மருந்துக்குப் பழகிப்போனதால் 1977இல் மலத்தியன் என்ற வேறு பூச்சிநாசினிக்கு மாற வேண்டியதாயிற்று. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இதில் கவனிக்க வேண்டியது, மலேரியா போனபோதும் அதைப் பரப்பிய நுளம்பினம் போகவில்லை என்பது. இன்றும் அது நம் ஆற்றோரங்களில் இருக்கிறது. காய்ச்சல்காரர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதித்து, உடனே மருந்து கொடுத்து, நுளம்புக்குக் கிருமி கிடைக்காமல் செய்ததால்தான் சங்கிலி அறுந்தது. நுளம்பு இனத்தையே ஒழிப்பதுதான் இலக்கு என்றிருந்தால் இன்னும் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்திருப்போம். இந்தியாவின் நகரங்களில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் வேறோர் இனம், சான்றிதழ் கிடைத்த சிறிது காலத்திலேயே மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே காவல் தொடர வேண்டும்.

டெங்குவில் நாம் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. 2017இல் மட்டும் நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். பகலில் கடிக்கும் அந்த நுளம்பு, சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு போன்றவற்றின் தெளிந்த நீரில்தான் முட்டையிடும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, கரையோரத்தில் வீசப்பட்ட பாத்திரங்களிலும் கைவிடப்பட்ட தோணிகளிலும் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊர்களுக்கு இது மிக முக்கியமான செய்தி. வாடியில் கவிழ்க்காமல் கிடக்கும் தோணியும் இனிமேல் கணக்கில் சேர வேண்டும். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீதியில் புகை அடிப்பது பறக்கும் நுளம்பில் ஒரு பகுதியைக் கொல்லும். குடம்பியை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் புகையைக் கண்டால்தான் மக்களுக்கு ஏதோ நடந்ததாகத் திருப்தி. வயலில் முதல் பூச்சிக்கு மருந்து அடிப்பதிலும் இதே திருப்திதான் வேலை செய்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தம்பியின் வாப்பாவுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அடுத்த பெரும்போகத்தில் வயல் முழுவதையும் மாற்ற வேண்டாம். ஒரு மூலையை மட்டும் வரம்பு கட்டிப் பிரித்து, முதல் 40 நாட்களுக்கு அதில் பூச்சிநாசினி விசிறாமல் விட்டுப் பாருங்கள். கிழமைக்கு ஒரு தடவை உள்ளே இறங்கி, பல இடங்களில் பயிரைத் தட்டி, அறக்கொட்டியையும் சிலந்தியையும் தனித்தனியாக எண்ணுங்கள். தத்தி கூடச் சிலந்தியும் கூடுகிறதென்றால் பொறுத்திருக்கலாம். தத்தி மட்டும் ஏறிக்கொண்டு போகிறதென்றால் தண்ணீரைச் சில நாள் வடித்துவிட்டு, போதனாசிரியரிடம் காட்டி, அறக்கொட்டிக்கென்று பரிந்துரைக்கப்பட்ட மருந்தைத் தண்டின் அடியில் படுமாறு விசிறுங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் இரண்டு மருந்துகளை ஒரே தாங்கியில் கலந்து அடிப்பதை நிறுத்துங்கள்.

வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. களைநாசினி அடித்து வரம்பை மொட்டையாக வைத்திருப்பது நல்ல விவசாயியின் அடையாளம் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. முட்டைக்குள் முட்டையிடும் அந்தச் சிறு குளவிகள் தேன் குடித்துத்தான் உயிர்வாழ்கின்றன. நெல்லில் அவற்றுக்குத் தேன் இல்லை. சீனாவிலும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் வயல் வரம்புகளில் எள்ளு முதலிய பூக்கும் செடிகளை வளர்த்துப் பார்த்த சோதனைகளில், பூச்சிநாசினித் தேவை பெருமளவு குறைந்து, விளைச்சல் சற்றுக் கூடவும் செய்தது. எள்ளு நமக்குப் புதிய பயிர் அன்று. நெல் விதைத்துக் கொஞ்ச நாளில் வரம்பின் தண்ணீர் ஏறாத மேல்விளிம்பில் தூவிவிட்டால், அறக்கொட்டி வரும் காலத்தில் அது பூத்து நிற்கும். பெருமழையில் எள்ளு அழுகிவிடும் பள்ள வட்டைகளில் பயற்றையை ஊன்றிப் பார்க்கலாம். குளவிக்குத் தேன் கிடைக்கும், வீட்டுக்குக் கறிக்குக் காயும் கிடைக்கும்.